காலியாக இறங்கிய ஜீப்

மதிப்பிற்குரிய மதினி விசாலாட்சி அவர்களுக்கு,

அடிவாரத்திலிருந்து முருகேஸ்வரி எழுதுவது. நீங்களும் அண்ணனும் மாப்பிள்ளையும் என் மகள் சுகன்யாவும் நலம் என்று தெரியும். நேற்றுத்தானே பார்த்துவிட்டு வந்தேன். நாங்கள் நலமா என்று நீங்கள் கேட்க வேண்டாம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் டவர் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் கத்தினால் கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வெள்ளனே கிளம்பி, வளைகாப்பு முடித்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர ஜீப்போடு வந்தேன். அவள் உட்காரும் சீட்டில் தலையணைகூடப் போட்டு வைத்திருந்தேன். திரும்பும்போது அந்தத் தலையணைமேல் காலிப் பாத்திரங்கள் உட்கார்ந்து வந்தன. வளைவுக்கு வளைவு அவை உருள, என் வீட்டுக்காரர் அவற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சபையில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது இதுதான்: “வெள்ளம் வர்ற ஊருக்குப் பிள்ளத்தாச்சிய எப்படிங்க மதினி அனுப்புறது? மழை முடியட்டும், பாத்துக்கிருவோம்.” வளையல் போட வந்த பெண்களெல்லாம் ஆமாம் போட்டார்கள். நான் சிரித்து வைத்தேன். பெண்ணைக் கொடுத்தவள் வேறென்ன செய்வாள்? ஆனால் மதினி, அது யார் வீட்டு வெள்ளம்? எங்கள் ஊரில் பெய்தா எங்களை அடித்துக்கொண்டு போகிறது? மலைமேல் உங்கள் காப்பித் தோட்டங்களில் விழுந்து, உங்கள் ஓடையில் திரண்டு, ராவோடு ராவாக எங்கள் வாசலுக்கு வருகிறது. என் வீடும் அதே ஓடைக்கரையில்தான் இருக்கிறது.

நீங்களும் ஊராட்சித் தலைவி, நானும் ஊராட்சித் தலைவி. போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு கொடைக்கானலில் அதிகாரிகள் மேலூர், கீழூர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். ஓடை ஒன்று, அதனால் திட்டமும் ஒன்று என்று பேசி முடித்தோம். மேலே தண்ணீரைத் தேக்கிவைக்கக் குளம் வெட்ட நீங்கள் இடம் கொடுப்பது. கீழே ஓடைக்கரைச் சனங்களை மேட்டு நிலத்தில் புதுக் குடியிருப்பு கட்டி நாங்கள் குடிவைப்பது. தெரு, பால்வாடி, ஆஸ்பத்திரி எல்லாம் வரைந்து காட்டினார்கள். ஆனால் உங்கள் கிராம சபை குளத்துக்குத் தீர்மானம் போட்டால்தான் எங்கள் குடியிருப்புக்கு ஒரு செங்கல் வரும். இரண்டும் ஒரே கோப்பு.

அப்போதே தீர்மானம் போடவைத்து, நகலைக் கையோடு வாங்கிவரச் சொல்லி எங்கள் வார்டு மெம்பர்கள் என்னை நச்சரித்தார்கள். “ஏலே, சம்பந்தி வீட்ல போயி கையெழுத்துக் கேப்பாகளா? அவுக சொன்னாச் சொன்னதுதான்” என்று அவர்கள் வாயை அடைத்தவள் நான். நமக்குள் தாம்பூலத் தட்டு மாற்றிய பிறகு எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது தெருவில் இறங்கினால் அந்த மெம்பர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று உங்கள் ஊருக்குள் நுழையும்போதே பார்த்தேன். குளத்துக்கென்று நாம் இருவரும் நின்று காட்டிய பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேவி, டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பார்க்கிங் போட்டிருக்கிறீர்கள். அங்கே விழும் மழையும் தேங்கிவிடக் கூடாதென்று குழாய் வைத்து நேராக ஓடைக்குத் திருப்பிவிட்டிருக்கிறீர்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்கிறது! அண்ணனிடம் கேட்டேன். “சீசனுக்கு மட்டுந்தாம்மா” என்றார். வெள்ளத்துக்கும் சீசன் உண்டு அண்ணே என்று சொல்ல வந்ததை உங்கள் வீட்டுப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

எங்கள் ஊர் மணிமேகலையை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் சுகன்யாவுக்குத் தோழியாக நின்றாளே, அவள்தான். இருவருக்கும் ஒரே மாதம். போன வெள்ளத்தில் வீடு போய், ஓடைக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறாள். காலி ஜீப்பைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்து, “சுகன்யா வரலியா பெரியம்மா?” என்றாள். மழை முடியட்டும் என்று வைத்துக்கொண்டார்கள் என்றேன். “அதுவும் நல்லதுதான். இங்கன வந்து என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு அந்தத் தார்ப்பாய்க்கே திரும்பிப் போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சுகன்யாவை அனுப்ப வேண்டாம். தலைப்பிரசவம் உங்கள் வீட்டிலேயே ஆகட்டும். வழக்கம் போனால் போகட்டும். நீங்கள் சொன்னது சரிதான், வெள்ளம் வருகிற ஊரில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிராம சபை. பார்க்கிங்கை எடுத்துவிட்டுக் குளம் வெட்டத் தீர்மானம் போடுங்கள். போடாவிட்டால், திங்கட்கிழமை காலை மணிமேகலையையும் ஓடைக்கரையில் இருக்கிற மற்றப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அதே ஜீப்பில் ஏற்றி உங்கள் வீட்டுக்கு அனுப்புவேன். வளைகாப்புக்குப் பந்தி போட்டீர்களே, அந்த ஹாலில் பாய் விரித்து வையுங்கள். மழை முடியும்வரை அவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிரட்டுகிறேன் என்று நினைத்தால் மிரட்டல்தான். “பொண்ணு வாழுற வீடுடி, கிழிச்சுப் போடு” என்பார் என் வீட்டுக்காரர். அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துத்தான் எழுதி ஜீப்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கோபத்தை நீங்கள் என் மகள்மேல் காட்ட மாட்டீர்கள். அவள் கால் வீங்கியிருக்கிறது என்று தரையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட்டீர்களே, அதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். உங்களுக்கு மனசில்லாமல் இல்லை மதினி. அது உங்கள் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக ஒன்று. இதைத் தலைவியாகக் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை இறங்கினால் காது அடைக்கும். அவள் ஓடைக்கரையில் வளர்ந்தவள், அங்கே பெய்கிற மழை அடுத்து யார் வாசலுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். தூங்க மாட்டாள். எனக்குப் போன் அடித்துக்கொண்டே இருப்பாள், கிடைக்காது. அந்த நேரம் அவளைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் படுத்துக்கொண்டு, அம்மா மேட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். அது பொய்யாகாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து எழ, பழனிக்காரன் துணையிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த
முருகேஸ்வரி