இன்னும் ஒரே ஒரு சுற்று, அண்ணை

என் ஆசை அண்ணைக்கு,

நாளை மத்தியானம் அண்ணி கனடாவிலிருந்து ஹீத்ரோவில் வந்து இறங்குகிறார். உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியை இங்கே, எங்கள் பிளேஸ்டோப் பங்குக் கோவிலிலேயே ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். அக்காமார், மருமக்கள் எல்லோரும் லண்டனில்தானே. அறையை ஒதுக்கி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, வேலையில் இரண்டு ஷிப்டும் மாற்றிவிட்டேன். என் வாய் மட்டும்தான் இன்னும் ஆயத்தமில்லை.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஏரியில் நாங்கள் இரண்டு பேர்தானே இருந்தோம்.

போன கோடையில் நான் கனடாவுக்கு உங்களிடம் வந்தபோது, ஏரியில் படகில் வைத்து, தூண்டிலில் கட்டுகிற பாட்டம் பவுன்சரை என் முகத்துக்கு நேரே ஆட்டி, “இதென்ன சொல்லு பாப்பம்” என்றீர்கள். வளைந்த கம்பி, அதில் ஒரு ஈயக்கட்டி. “கோட் மாட்டுற கம்பியை ஆரோ மிதிச்சுப் போட்டினம்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கம்பியின் நுனி ஏரியின் அடியைத் தட்டித் தட்டிப் போக வேண்டுமாம். பின்னால் தங்கூசி நூலில் மண்புழுவும் மினுங்குகிற தகடும் தரைக்குக் கொஞ்சம் மேலே வருமாம். படகு ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாதாம். வோல்ஐ மீன் அடியில்தான் கிடக்கும், அதன் வாசலுக்கே சாப்பாடு கொண்டுபோகிற வேலை இது என்றீர்கள்.

எனக்கெங்கே அந்தப் பொறுமை? மன்னார்க் கடலில் கைத்தூண்டில் போட்ட கை இது. கொத்தின உடனே வெட்டி இழுத்தேன். வெறுங்கொக்கி வந்தது. “டேய், அவன் கடிச்சா தடியைக் கொஞ்சம் பின்னால விட்டுக் குடு. வாய்க்குள்ள போன பிறகு இழு. நீ என்ன, மாட்டைக் கட்டியோ இழுக்கிறாய்?” என்று ஏசினீர்கள். இரண்டாவதையும் அப்படியே விட்டேன். நீங்கள் நாலு பிடித்தாயிற்று. எனக்கோ அடுத்த நாள் விமானம். குடும்ப வாட்ஸ்அப்பில் மருமக்கள், “மாமா மீனுக்குச் சாப்பாடு குடுக்கவோ கனடாவுக்குப் போனவர்?” என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது.

அப்போதுதான் சொன்னீர்கள். “றெஜி, கரைக்குப் போவமடா. நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இறுக்குது.”

நான் தடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாயுவா இருக்கும் அண்ணை. இன்னும் ஒரே ஒரு சுத்து.”

அடுத்த சுற்றுக்குப் படகைத் திருப்பினீர்கள். பாதிச் சுற்றில் மறுபடியும், “எனக்கு ஏலாம இருக்கடா, போவம்” என்றீர்கள். அந்த நேரம் பார்த்து என் தடி பாரமாகியது. “கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். இந்த முறை விட்டுக் கொடுத்து, பிறகு இழுத்தேன். மீன் வந்தது. வலையால் அள்ளி எடுத்தது நீங்கள். மீனோடு இரண்டு பேருமாக ஒரு செல்பியும் எடுத்தேன், வெட்கம் கெட்டவன்.

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்களே ஓட்டிக் கரை சேர்த்தீர்கள். ஆம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலை வரைக்கும் நீங்கள் தாங்கவில்லை. அந்தச் சுற்று இல்லாவிட்டால் இருந்திருப்பீர்களா, அண்ணை? வைத்தியரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

“தம்பி உடனே கரைக்குக் கொண்டு வந்தவர், அவரில ஒரு குறையும் சொல்ல ஏலாது” என்று அண்ணி செத்த வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வோல்ஐ இனத்து மீன் ஒன்று இங்கே கால்வாய்களில் இருக்குதென்று, கூட வேலை செய்கிறவர் தூண்டில் போடக் கூப்பிடுகிறார். நான் போகவில்லை.

போன கிழமை நினைவு அட்டையில் போட உங்கள் கடைசிப் படத்தை அண்ணி கேட்டார். அந்தச் செல்பியைத் திறந்தேன். என் மீனுக்காகச் சிரிக்கிறீர்கள். அந்தக் குளிர்காற்றிலும் முகமெல்லாம் வேர்வை. அனுப்ப மனம் வரவில்லை. அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணி, அண்ணை கரைக்குப் போவம் எண்டு கேட்டவர். நான்தான் இன்னும் ஒரு சுத்து எண்டு சொன்னனான்.”

அண்ணி கேட்டார்: “ஒருக்காத்தான் கேட்டவரோ தம்பி? அவர் எதையும் ஒருக்காச் சொல்லிப் போட்டு விடுற ஆள். ரெண்டாந்தரம் கேட்டிருந்தா, தாங்க ஏலாமத்தான் கேட்டிருப்பார்.”

“ஓம் அண்ணி, ஒருக்காத்தான்” என்றேன்.

“அப்ப பரவாயில்லை. நீர் அதைப் போட்டு மனசை உழப்பாதையும்” என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

அந்தப் ‘பரவாயில்லை’யைப் பொய் சொல்லி வாங்கிவிட்டேன், அண்ணை.

நாளை ஹீத்ரோவில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, காரை எடுக்க முதலே சொல்லிவிடுவேன். வீட்டுக்குப் போய், சாப்பிட்ட பிறகு என்று தள்ளமாட்டேன். அவர் அக்கா வீட்டில் இறக்கிவிடச் சொன்னாலும், கோவிலில் என் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றாலும், சரி. இரண்டாந்தரம் கேட்டபோது உங்கள் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால், அதையும் சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இரண்டு தரம் கூப்பிட்டும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்காத தம்பி,
றெஜி