இடது பக்கக் கைப்பிடி

ஏப்ரல் 29, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பத்து மணிக்கு டெனிஸ். மின்சாரச் சக்கர நாற்காலியை ஆளுக்கேற்ப அளந்து அமைக்கச் சான்று பெற்றவராம். என் வீட்டுக்காரருக்குச் சவரம், இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பக்கமும் தலையணை, முதுகுக்குச் சுருட்டிய துண்டு. வருகிறவர் முன்னால் சரிந்து கிடக்கலாமா?

கேட்டதற்கெல்லாம் இவர், "நோ ப்ராப்ளம்." நானும் தலையாட்டினேன். அளந்து எழுதிக்கொண்டு போனார். காபி வேண்டாமாம்.

கார் போனதும் தலையணையை எடுத்தேன். பொத்தென்று இடப்பக்கம் சாய்ந்தார்.
"ஏங்க, வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?"
"நீதானடி மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு வச்சே!"

ஏப்ரல் 30
ஜெபமாலையில் மனம் நிற்கவில்லை. தலையணையோடு எடுத்த அளவு! தப்பான நாற்காலி வந்துவிட்டால்? போன இரண்டு தமிழ்ப் பூசையிலும் இருபதே நிமிடத்தில் சரிந்தார். நற்கருணை வாங்காமலே வீடு.

டெனிஸுக்குப் போன். பேச வேண்டியதை முதலில் எழுதிக்கொண்டேன். டிவி பார்த்துக் கற்ற இங்கிலீஷ். "சாரி, பில்லோ வச்சிருந்தோம்." சிரித்தார். எல்லாரும் வீட்டைத்தான் ஒழுங்குபடுத்துவார்களாம், நான் கணவரையே.

மே 2, வெள்ளி
வெயில். மறுபடி டெனிஸ். இவருக்குப் பழைய லுங்கி, தலையணை கிடையாது. கணக்கு நோட்டைக் காட்டினேன். பால், அரிசிக்குப் பக்கத்தில்: எத்தனை நிமிடத்தில் சரிகிறார், எங்கே தோல் சிவக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். இன்சூரன்ஸுக்கு இதுதான் வேண்டுமாம்.

"எங்கே போக ஆசை?"
"சர்ச். இவளோட."
"மனைவி உங்களுக்கு எந்தப் பக்கம் உட்காருவார்?"

இடப்பக்கம். ஊர்க் கோவிலில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. நியூஜெர்சி வந்த முதல் ஞாயிறுதான் ஒரே பெஞ்சு. ஒரே கூச்சம். பிரசங்கத்தின் நடுவில் இவர் என் காதருகே சாய்ந்து, "இங்கயும் ஃபாதர் நீட்டத்தான் பேசுறார்." சிரிப்பை மறைக்க இருமினேன். அப்புறம் எத்தனை வருடம் அந்த இருமல்!

டெனிஸ் குறித்துக்கொண்டார்: ஓட்டும் குமிழ் வலப்பக்கம். இடது கைப்பிடி மேலே மடங்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு
லேசான குளிர். நாற்காலி வந்து ஒன்பது நாள். டெனிஸ் இரண்டு தடவை வந்து திருகிச் சரிசெய்தார். பூசைக்குப் போகும்போது மறந்தவை: குடை, காணிக்கைக் கவர்.

பெஞ்சின் ஓரத்தில் நான், ஒட்டினாற்போல் இவர். கைப்பிடியை மடக்கினேன். இருபது நிமிடம். முப்பது. திடீரென்று என் பக்கம் சாய்ந்தார். பதறிப் பிடிக்கப் போனேன். சரியவில்லை.

"நீட்டத்தான் பேசுறார்."

இருமினேன்.