பெரிய இலை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கீரைப் பெட்டி வந்தது. ஒவ்வோர் இலையும் என் உள்ளங்கை அகலம், கண்ணைப் பறிக்கிற பச்சை. தொழிற்சாலைச் சமையலறையே கூடி நின்று பார்த்தது. வதக்கினால் தண்ணீர் விடுகிறது. வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை. உப்பைக் கூட்டினேன், பூண்டைத் தட்டிப் போட்டேன், பலனில்லை. மதியம் எல்லார் தட்டிலும் கீரை மட்டும் மிச்சம். அதே விதைதானே? மண்ணை என்ன செய்தாய்? கோபித்துக்கொள்ளாமல் எழுது.

உன் தம்பி

மார்ச் 10

தம்பிக்கு ஆசிகள்.

கோபம் இல்லை, வயிற்றெரிச்சல்தான். இரண்டு வருஷத்துக்கு முன், எடை போடுகிற இடத்தில் நாலு பேர் முன்னால் மாமாவிடம், "என்ன மாமா, இலை இத்துனூண்டு இருக்கு? சந்தையில பாருங்க, எவ்வளவு பெருசு" என்றது யார்? அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் நான் தபால்காரி. இப்போது மூட்டை உரம் போட்டேன், இலை பெரிதாகிவிட்டது. கேட்டதைக் கொடுத்தாலும் குறையா?

குழந்தைகள் நலம். மாமா நலம்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

அன்று நான் பேசியது வாய்க்கொழுப்பு. அன்றே தெரிந்தது, மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் மாமாவைப் பற்றி அரைப்பக்கம் புலம்பாமல் நீ கடிதம் எழுதியதே இல்லை. இப்போது இரண்டே வார்த்தை. மூட்டை உரத்தை வாசல் தாண்ட விடாத மனிதர். குப்பைக் குழியை மாதம் இரண்டு முறை தானே புரட்டிப் போடுகிறவர். இந்தக் கீரையில் அவர் கை இல்லை. மறைக்காதே.

தம்பி

மார்ச் 20

தம்பி,

நாக்கா அது? கீரை ருசியை வைத்தே கண்டுபிடித்துவிட்டாயே. ஜனவரியில் வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி, படுத்த படுக்கை. குழியைப் புரட்ட எனக்குத் தெம்பில்லை. எரு மட்கவில்லை, பாத்தி வெளிறிப்போனது. உரக்கடைக்கு ஓடினேன். அவருக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். பாவம் பார்த்து நீ வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். வராதே.

அக்கா

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் மண்வெட்டியோடு வந்து நின்றாயே, நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நலம்கூட விசாரிக்காமல், அவர் ஜன்னலுக்கு நேராகக் குழியைத் தாறுமாறாகக் கிளறினாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் எவ்வளவு நேரம் பொறுப்பார்? "அடியில இருக்கறத மேல போடுடா" என்று கத்தினார். இரண்டு வருஷத்தில் உன்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்த எரு போட்ட பாத்தியின் முதல் அறுப்பு இந்தப் பெட்டியில் வருகிறது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து தானே கட்டுக் கட்டினார். ஓர் இலையைக் கிள்ளி மென்றார். பிறகு சொன்னார்:

"இலை சின்னதாத்தான் இருக்கும்னு எழுது. ருசி எப்படின்னு எனக்கே நேரா எழுதச் சொல்லு."

இப்படிக்கு,
வேலை போன தபால்காரி,
உன் அக்கா