அத்தானின் இடது கன்னம்

ஜூன் 3

செத்துப்போன ஜெராக்ஸ் மெஷின் ஒன்றிலிருந்து லென்ஸைக் கழற்றி வாங்கி வந்தேன். பழைய இரும்புக் கடைக்காரர், "இத வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். "ஒருத்தர் மூக்கை உடைக்கப் போறேன்" என்றேன். "அதுக்கு இது பத்தாதும்மா, பின்னாடி இரும்பு ராடு கிடக்கு பாருங்க." நல்ல மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் நடந்ததை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். எழுதித் தொலைத்துவிடுகிறேன். பதினோரு வருஷம் அத்தானுடைய ஃபோட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்தவள் நான். போன மாதம் அதைத் தானே செய்கிற சாஃப்ட்வேர் வந்துவிட்டது, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சரி, கேமராவில் நிற்கிறேனே, முகம் பார்த்துப் பழகின கண்தானே என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். கேட்டது தப்பா?

"கேமராவா? உன்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கா? இருந்தா வந்து பேசு. பரு எடுக்கறவங்க கையிலயெல்லாம் கேமராவைக் கொடுத்துட்டு நான் என்ன, வாசலைக் கூட்டவா?"

மேஜை முழுக்கச் சிரிப்பு. அக்கா தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

சொந்தமாக. அவ்வளவுதானே. வாங்க வக்கில்லை, செய்துகொள்கிறேன். அதில் மாட்டப்போகிற முகம் யாருடையது என்பதையும் முடிவு பண்ணிவிட்டேன்.

ஜூன் 9

கேமரா என்றால் பெரிய தேவரகசியம் ஒன்றுமில்லை. முன்னால் லென்ஸ், பின்னால் ஃபிலிம், நடுவே வெளிச்சம் புகாத துருத்தி மடிப்பு. பீரோவின் உடைந்த இழுப்பறைப் பலகையை அறுத்துப் பெட்டி ஆக்கினேன். மடிப்புக்கு இரண்டு கறுப்புக் குடைகளின் துணி. என் வீட்டுக்காரர் டிப்போவில் பஸ் மெக்கானிக். வால்வு தேய்க்கிற பேஸ்ட் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்து ஒரு கண்ணாடித் துண்டைத் தேய் தேய் என்று தேய்த்தேன், பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும். அதில்தான் பிம்பம் விழும்.

"இவ்வளவு தேய்க்கிறியே, அத்தானை நினைச்சுக்கிட்டா?" என்றார் அவர்.

இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வேகத்தைப் பார்த்தால் தெரியாதா?

ஜூன் 14

வெளிச்சம் கசிகிறது. ஒரு மூலையை அடைத்தால் இன்னொரு மூலை பல்லை இளிக்கிறது.

ஜூன் 20

கசிவு நின்றது. சைக்கிள் டியூப் ரப்பரும் என் பிடிவாதமும்.

ஃபிலிமும் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டு எக்ஸ்ரேக்காரம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதாம். தேதி முடிந்த எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதாம். "தூக்கித்தான் போடப்போறாங்க, எடுத்துக்குங்க. சிவப்பு லைட்ல வெட்டிக்கலாம், இதுக்கு சிவப்பு தெரியாது" என்றார். குளியலறை ஜன்னலை அட்டையால் மூடிச் சிவப்புப் பல்பு மாட்டிவிட்டேன். இனி குளிப்பவர்கள் அனுமதி கேட்டுவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.

ஜூன் 28

முதல் படம்! அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்தேன். ஷட்டர் கிடையாது. லென்ஸின் மேல் பவுடர் டப்பா மூடி. திற, இரண்டு எண்ணு, மூடு.

பிரிண்டைப் பார்த்ததும் அவர், "என்னடி இது, நிலக்கரிக் கிடங்குல தள்ளிட்டு எடுத்தியா?" என்று கேட்டார். உதடு கறுப்பு. கன்னம் முழுக்கப் புள்ளி. கண்ணுக்கே தெரியாத மச்சமெல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. சிவப்பு, பழுப்பு எதையும் இந்த ஃபிலிம் விட்டுவைப்பதில்லை, கறுப்பாக்கிவிடுகிறது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒரு யோசனை வந்தது. ஸ்டுடியோ வாசலில் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி அத்தான் சிரிக்கிற போர்டு இருக்கிறதே, அந்த முகத்தை வழவழவென்று ஆக்கியது யார்? நான். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவளும் நான். ஊருக்கும் தெரியட்டுமே.

ஜூலை 6

வந்தார். அத்தான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். அக்காவும் கூட வந்தாள். பெட்டியைச் சுற்றி நடந்து, "இதுல ஃபோட்டோ வருமா, இல்ல கரப்பான் பாச்சை வருமா?" என்று கேட்டார்.

"உக்காருங்க அத்தான்."

உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரணும், ஸ்டாண்டு ஆடுது, நாங்கல்லாம் எடுக்கறப்போ...

"வாயை மூடுங்க, ஆடுது."

தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. இரண்டு எண்ணினால் போதும், நான் நாலு எண்ணினேன். எனக்குப் பிடித்திருந்தது, எண்ணினேன்.

ஜூலை 7

அடடா, அடடா. வந்திருக்கிறது பாருங்கள் முகம்! மூக்கின் இரண்டு பக்கமும் சிலந்தி வலை. நெற்றியில் திட்டுத் திட்டாக. எல்லாவற்றுக்கும் மேல் இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. நேரில் பார்த்தபோது அங்கே ஒன்றும் தெரியவில்லை, லேசான பழுப்பு, அவ்வளவுதான்.

குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். "என் சொந்தக் கேமராவில் அத்தான்" என்று எழுதினேன். சொந்த என்பதைத் தடித்த எழுத்தில்.

ஜூலை 8

நாசமாய்ப் போக.

"கன்னத்துல இருக்கறது என் கறை இல்ல, உன் டப்பாவோட கீறல். தகர டப்பாவுல எடுத்தா இப்படித்தான் வரும்" என்று எழுதியிருக்கிறார். கீழே சித்தப்பா பத்து சிரிப்புப் பொம்மை. சித்தி இருபது. அக்காவின் நாத்தனார் "பாவம், ஆசைப்பட்டுச் செஞ்சிருக்கா, விடுங்க" என்று எழுதியிருக்கிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், இவர்கள் பரிதாபத்தை எந்த வாளியில் பிடித்துக் கொட்டுவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், கீறலாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்து. ஈரத்தில் நகம் பட்டாலே உரிந்துவிடும், உரிந்த இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். நான் பதறிக்கொண்டு கழுவினேனோ?

ஜூலை 10

எக்ஸ்ரேக்காரம்மாவிடம் ஃபிலிமைக் கொண்டுபோய்க் காட்டினேன். கீறலா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஜன்னலுக்கு நேரே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"கீறல் இல்ல. மருந்து ரெண்டு பக்கமும் முழுசா இருக்கு." ஃபிலிமைக் கண்ணுக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "யாருங்க இது?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"நான் டாக்டர் இல்ல. ஆனா மத்த புள்ளியெல்லாம் உருண்டையா இருக்கு, இது ஓரம் பிஞ்சு பிஞ்சு போகுது. தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கும்."

ஜூலை 11

சொல்ல மாட்டேன்.

ஜூலை 13

சொல்லவில்லை. நான் ஏன் சொல்லணும்? சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாரா? "டப்பா கேமராக்காரி இப்ப டாக்டரும் ஆயிட்டா"ன்னு அதையும் குரூப்பில் போடுவார். சித்தப்பா பத்துப் பொம்மை. போகட்டும். என்னவோ ஆகட்டும்.

அக்கா ஃபோன் பண்ணினாள். கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் குரலைக் கேட்டதும் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இதை எழுதுகிறபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அழிக்கப்போவதில்லை, அழிக்கிற வேலையைத்தான் விட்டாயிற்றே.

ஜூலை 15

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று புரிந்தது. கறை அவர் முகத்தில் இல்லையென்றால் கோளாறு என் கேமராவில். என் கேமரா சரியென்றால் அவருக்கு ஏதோ இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான். நான் எதற்கு ஆசைப்படுகிறேன்?

என் கேமராவில் கோளாறு இல்லை. இருக்கவே கூடாது.

ஜூலை 16

பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போய்விட்டேன். பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

"கீறல்னீங்களே அத்தான், இன்னொரு தடவை எடுக்கறேன். முகத்துல அதே இடத்துல அந்தக் கறை வரலைன்னா இந்தப் பெட்டியை இங்க கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் மிதிச்சு நொறுக்கறேன்."

"வந்துட்டா?"

"நான் சொல்ற இடத்துக்கு ஒரே ஒரு தடவை நீங்க வரணும்."

"நரகத்துக்கே வரேன், போ."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன தடவை நடுவில் உட்காரவைத்திருந்தேன். இந்தத் தடவை நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். பெட்டியின் கோளாறு என்றால் கறை படத்தில் அதே பழைய இடத்தில், பின்னால் இருக்கிற சுவரில் விழும். அவருடையது என்றால் அவரோடு போகும்.

மூடியைத் திறந்து இந்தத் தடவை இரண்டே எண்ணினேன், அவர் ஆடவில்லை.

ஜூலை 17

காலையில் கழுவினேன். சுவர் சுத்தம். கறை கன்னத்தில். அதே இடம், அதே பிய்ந்த ஓரம். இரண்டு ஃபிலிமையும் முகத்தோடு முகம் ஒட்டி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தது.

குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், ஈரக் கையோடு, குளியலறையில். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன், எக்ஸ்ரேக்காரம்மா சொன்னதையும் சேர்த்து. அவர் ஃபிலிமைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"அந்த மனுஷனுக்கு வியாதின்னா உனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

கை கழுவினேன். மறுபடி கழுவினேன். அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்காவிடம் இரண்டு ஃபிலிமையும் கொடுத்து, எக்ஸ்ரேக்காரம்மா சொன்னதைச் சொன்னேன். குரூப்பில் போடவில்லை, வெளியில் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அவள் உள்ளே போய் அத்தானிடம், "சட்டையை மாத்துங்க, டாக்டர்கிட்ட போகணும், வாக்கு கொடுத்தீங்கல்ல" என்று சொன்னது மட்டும் வாசல்வரை கேட்டது. அவர் ஏதோ கிண்டல் பண்ணினார். அவள் சிரிக்கவில்லை. இந்தத் தடவை நன்றாகக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 1

ரிசல்ட் வந்துவிட்டது. தோலில் கேன்சர். ஆரம்பம்தான், வெட்டி எடுத்துவிடலாம் என்றாராம் டாக்டர். அக்கா ஃபோனில் அழுதாள். நானும் அழுதேன். என் கேமரா சரி என்பதும் அந்த அழுகைக்குள் எங்கேயோ இருந்தது. மறைப்பானேன்.

ஆகஸ்ட் 23

அத்தான் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போயிருந்தோம். சித்தப்பா, சித்தி, நாத்தனார், எல்லாரும் இருந்தார்கள். கன்னத்தில் கட்டோடு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து கதை சொல்கிறார்: "ஒருநாள் ஷேவ் பண்றப்போ பார்த்தேன். என்னமோ சரியில்லையேன்னு தோணுச்சு. நானாத்தான் டாக்டர்கிட்ட போனேன். முகம் பார்த்துப் பழகின கண்ணு இல்லையா?"

முகம் பார்த்துப் பழகின கண்ணு! என் வார்த்தையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார், பாவி!

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. வாயை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வழி நெடுக என் வீட்டுக்காரரிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். செத்திருந்தா கூட என் பேர் வெளிய வந்திருக்கும்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

செப்டம்பர் 30

எதிர்வீட்டு எக்ஸ்ரேக்காரம்மாவைப் படம் எடுத்துக் கொடுத்தேன். கண்ணைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு கோடும் வந்திருக்கிறது. "இதுதாங்க நான்" என்று சொல்லி ஃபிரேம் போட்டுவிட்டார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

அக்டோபர் 12

அத்தான் வந்தார். தனியாக. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம். பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கடைசியில், "சும்மா ஒண்ணு எடேன்" என்றார்.

நவம்பர் 16

இன்றும் வந்திருக்கிறார். இது மூன்றாவது தடவை. டாக்டர் சொல்கிற தேதிக்கெல்லாம் ஒழுங்காகப் போகிறார்தான், ஆனால் நடுவில் இருக்கிற நாட்களை அவரால் தாங்க முடிவதில்லை. "இது வெறும் கேமரா அத்தான், இத நம்பி இருக்காதீங்க, டாக்டர் பார்த்தா போதும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "தெரியும், தெரியும், நீ எடு" என்கிறார். அக்காவுக்குத் தெரியாதாம், சொல்லிவிடாதே என்கிறார். நான் ஒன்றும் சொல்லவே தேவையில்லை, தானே உட்கார்ந்து இடது கன்னம், வலது கன்னம், கழுத்து என்று திருப்பிக் காட்டுகிறார். மூச்சைக்கூட விடுவதில்லை.

நான் குளியலறையில் இருக்கிறேன். கதவைத் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே கொடியில் மூன்று ஃபிலிமும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. தழும்பு இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது.

"ஏதாவது தெரியுதாம்மா?"

அம்மாவாம்.

"இன்னும் காயலை அத்தான்."

ஈரத்திலேயே தெரிந்துவிடும் என்று இத்தனை வருஷம் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறக்க மாட்டார். சமையலறையில் என் வீட்டுக்காரர் அத்தானுக்கு டீ கொடுக்கிறார் போலிருக்கிறது. குடிக்கிற சத்தம் இல்லை, கரண்டியைப் போட்டுக் கலக்குகிற சத்தம்தான் வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் கதவைத் திறந்து சொல்லிவிடுவேன். இன்னும் நாலைந்து வரிக்கு இடம் இருக்கிறது.