'இட்சாசார்கி'யின் பத்தாவது கைதி

அனுப்புநர்
கார்மெலெ கோய்ட்டியா, வயது 13,
ஏழாம் வகுப்பு, பெண்கள் பள்ளி,
பெர்மியோ துறைமுகம்.

பெறுநர்
கைதிகள் பரிமாற்ற அதிகாரி அவர்கள்,
பில்பாவோ.

பொருள்: மூழ்கிய போர்ப்படகு 'இட்சாசார்கி'யிலிருந்து எதிரியிடம் பிடிபட்ட என் தந்தை எவாரிஸ்டோ கோய்ட்டியாவின் பெயரைப் பரிமாற்றப் பட்டியலில் சேர்க்கக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களை விடியும் முன் தெருத்தெருவாகப் போய் அழைப்பது என் அம்மாவின் வேலை. ஆள் பெயர் சொல்வதில்லை, வீட்டின் பெயரைச் சொல்லி அழைப்போம். சன்னலிலிருந்து "வர்றேன்" என்று குரல் வந்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகலாம். அப்படிச் சொன்னவர் போயே ஆக வேண்டும். எங்கள் வீட்டையும் அம்மா தெருவில் நின்றுதான் அழைப்பார். அப்பா பக்கத்தில் படுத்திருந்தாலும் எழுப்பாமல் கீழே இறங்கிப் போய்க் கூவுவார்.

2. 'இட்சாசார்கி' போருக்கு முன் மீன்பிடிக் கப்பல். அப்பா அதில் ஒன்பது ஆண்டுகள் இயந்திரம் பார்த்தார். கோடையில் சண்டை தொடங்கியதும் தரைப்படையில் சேர்ந்தார். இருன் மலையில் இடது கையின் இரண்டு விரல்கள் போயின. காயம் ஆற நவம்பர் 22 வரை விடுப்பு தந்தார்கள். அதற்குள் கப்பலின் முன்பக்கத்தில் பீரங்கி பொருத்தி, வேறொரு இயந்திரக்காரரை நியமித்திருந்தார்கள்.

3. நவம்பர் 17 அன்று அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கப்பல் தலைவர் லெட்ஸானா வந்து, "நம்ம ஆளுங்களைக் கூப்பிடும்மா, வழக்கம்போல" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கப்பலின் வீடுகள் வரிசையாக எனக்கு மனப்பாடம். இருட்டுக்குப் பயந்துகொண்டு பாடம் ஒப்பிப்பதுபோல் அழைத்துக்கொண்டே போனேன். ஆறாவது எங்கள் வீடு. அழைத்துவிட்டேன். அப்பா சன்னலைத் திறந்து, "வர்றேன்டி. இந்தக் கத்து கத்துனா எதிரிக் கப்பலும் கிளம்பி வந்துரும்" என்றார். புதிய இயந்திரக்காரரின் வீடு அந்தப் பழைய வரிசையில் இல்லாததால் அவரை நான் அழைக்கவே இல்லை.

4. இறங்குதுறையில் எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் உரியார்ட்டெ, "மூணு விரலை வெச்சுக்கிட்டு இயந்திரம் ஓட்டப் போறாராம்" என்றார். "உன் சமையலைத் தின்னுட்டே உயிரோட இருக்கேன், இதுவா கஷ்டம்?" என்றார் அப்பா. உணவுக் கப்பல் ஒன்றுக்குத் துணையாக உடனே கிளம்ப வேண்டியிருந்தது. புதிய ஆளின் வீடு மேட்டுத்தெருவில்; போய் அழைத்துவர நேரமில்லை. "தண்ணி வத்துது, இப்ப விட்டா கப்பல் தரை தட்டிடும், எவாரிஸ்டோ. வர்றியா?" என்று தலைவர் கேட்டார். அப்பா, "கூப்பிட்டாச்சு, வர்றேன்னும் சொல்லியாச்சு. அப்புறம் என்ன?" என்று ஏறிவிட்டார். தப்பாக அழைத்துவிட்டேன் என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

5. பகலில் கடல் பக்கம் பீரங்கி வெடித்துப் பள்ளிக்கூடத்துச் சன்னல்கள் அதிர்ந்தன. ஆசிரியை, கணக்கை நிறுத்தாமல் போடுங்கள் என்றார். மாலையில் உணவுக் கப்பல் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் தலைவர் லெட்ஸானாவின் உடல் கரை ஒதுங்கியது.

6. இருபத்தேழாம் தேதி, எதிரியின் சிறையிலிருந்து உரியார்ட்டெ தன் மனைவிக்கு எழுதிய அட்டை செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்தது. அவர் மனைவி அதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். "பத்துப் பேர் உயிரோட இருக்கோம். எவாரிஸ்டோவுக்கு முதுகெல்லாம் வெந்திருக்கு. ஆனா சாப்பிடுறான். என் சமையல் இல்லேங்கிறதால நல்லாவே சாப்பிடுறான்." ஊர்மன்றத்தில் ஒட்டிய பரிமாற்றப் பட்டியலில் ஒன்பது பெயர்களே உள்ளன. பிடிபட்டவர்களில் கப்பலின் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டுமே அதில் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் பெயர் பதிவேட்டில் கிடையாது.

7. இதை அம்மா சொல்ல மாட்டார். விடுப்பு முடிந்த இரண்டாம் நாள் நம் தரைப்படையிலிருந்து இருவர் அப்பாவைத் தேடி வந்தனர். அம்மா பயந்துபோய், "அவர் தன் அண்ணனோட பண்ணைக்குப் போயிருக்கார்" என்றார். "ஓடிப்போனவன் வீட்டுல எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அட்டை வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்து, "வாயத் திறக்காதடி. படைக்காரன்னு தெரிஞ்சா அங்க அவங்க சுடுவாங்க, இல்லேன்னா ஓடிப்போனவன்னு இங்க இவங்க சுடுவாங்க" என்றார். உரியார்ட்டெயின் மனைவியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் காகிதம் அப்பாவைக் காப்பாற்றுமா, காட்டிக்கொடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை.

8. பட்டியல் வியாழக்கிழமை வெளிநாட்டுக் கப்பலில் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அப்பாவின் பெயரை எழுதிவிடுங்கள், ஐயா. நான் சொல்வது உண்மையா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். அம்மா சொன்ன பொய்க்காக அவரைத் தண்டிக்க வேண்டாம். பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள், வீட்டுக்கு வேண்டாம். ஓடிப்போனவர்கள் பட்டியலில் அப்பாவைச் சேர்த்தே தீர வேண்டும் என்றால் அதிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அவரை எதிரியிடமிருந்து கேட்டு வாங்குங்கள்.

இடம்: பெர்மியோ
நாள்: 1936 டிசம்பர் 1

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கார்மெலெ கோய்ட்டியா