பள்ளி வேனில் ஓர் ஆர்கன்

மார்ச் 4, செவ்வாய்

மதியம் டீ ஆறிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து சொன்னார். நாங்கள் வேலை பார்க்கும் மண்டபத்தை விற்றாகிவிட்டதாம். வாங்கியவர் குடோனாக மாற்றப்போகிறார். எங்களுக்கெல்லாம் மெயின் ஆபீஸில் இடம் உண்டு, யாருக்கும் வேலை போகாது. எல்லோர் முகமும் தெளிந்தது. நான் மேடை ஓரத்தைப் பார்த்தேன்.

"சார், அந்த ஆர்கன்?"

"எது, அந்த மர பீரோவா? சனிக்கிழமை மதியம் பழைய சாமான் எடுக்கறவர் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவார். உனக்கு வேணும்னா அதுக்குள்ள எடுத்துக்கோம்மா. ஆனா எப்படித் தூக்குவே?"

அதை வாசித்துக்கொண்டிருந்தவர் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே போய்விட்டார். தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, மண்டபக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனில் பாடம் பார்த்து நானேதான் கற்றுக்கொண்டேன். ஒலியைக் கூட்டும் மிதியைக் கால்விரலால் தொடுவதோடு சரி. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடக்கூடாதே என்றுதான் அந்தத் தாழ்ப்பாள்.

வீட்டில் வேன் இருக்கிறது. வாய்தான் இல்லை.

மார்ச் 5, புதன்

இரவு சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "அப்பா..." என்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "தண்ணி வேணுமா?" என்று முடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டேன்!

அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே கேட்க முடியாத எதையும் அவர் வேலையாக இருக்கும்போது கேட்டுவிடலாம். வாரநாட்களில் அது பள்ளிக்கூட வேன், சனி ஞாயிறில் எங்கள் வேன். கிழட்டு வண்டி. காலையில் கெஞ்சிக் கூத்தாடி ஸ்டார்ட் செய்தால், திரும்பி வீட்டுக்கு வரும்வரை அணைக்கமாட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கும்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்தால் தள்ள ஆள் தேட வேண்டும்.

"சனிக்கிழமை வேன் வேணும்ப்பா. ஆர்கன் ஒண்ணு கொண்டுவரணும்."

"அப்படின்னா?"

இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் அழுத்த மரக்கட்டைகள், தனியாக நெஞ்சு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, அதற்குள் குழல் ஒன்று சுற்றும், சுற்றச் சுற்ற ஓசை அலை அலையாக வரும் – என்று நான் இவ்வளவு நீளமாகப் பேசி வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அண்ணன் டயர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். "ஏய் பட்டதாரி, நீ வாசிப்பியா? நீ பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லையே! பூனை மாதிரி இருந்துட்டு..."

அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ்ளோ பெருசை எங்கடி வைக்கறது? என் தலையிலயா?"

அப்பா டயரைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கனம் எவ்வளவு இருக்கும்?"

"நாலு பேர் தூக்கணும்."

"அப்ப சீட்டைக் கழட்டணும்" என்றார்.

அப்பாவிடமிருந்து அது சம்மதம்.

மார்ச் 7, வெள்ளி

வேனின் சீட்டெல்லாம் இப்போது எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில். அம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். அண்ணன் கண்டக்டர் மாதிரி வந்து, "உள்ள தள்ளி உக்காரும்மா, இன்னும் நாலு பேர் ஏறணும்" என்றான். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

டேப் வைத்து வேனின் பின்கதவையும் வீட்டு வாசலையும் அளந்திருக்கிறான். "தாராளமா நுழையும், கவலைப்படாத."

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணன் தன் நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கால்கட்டைகளைத் தனியாகக் கழற்றிய பிறகும் ஆர்கன் அசைய மறுத்தது. "உள்ள யாராவது உக்காந்திருக்காங்களா பாரு!" என்று ஒரு நண்பன் மூச்சு வாங்கினான். பலகை போட்டு, இழுத்து, தள்ளி ஏற்றினார்கள். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில். வீட்டுப் போர்வைகள் அனைத்தும் அவற்றின் மேல். அப்பா கயிறு கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பலகையோரத்தில் என் விரல் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். தினமும் குழந்தைகளுக்குச் செய்வது.

நான் ஆர்கனை அணைத்தபடி தரையில் உட்கார்ந்தேன். அப்பா வண்டியை ஓட்டவில்லை, தாலாட்டினார். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. திடீரென்று வண்டி நின்றது. இரண்டு முறை ஹாரன்.

"என்னப்பா?"

எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத வீடு. பல் தேய்க்கும் பிரஷோடு ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள், பின்னால் அவள் அம்மா, கையில் காலி புத்தகப் பையோடு.

"டிரைவர் அண்ணே, இன்னிக்கு ஸ்கூல் இருக்கா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே!"

கை பழகிய பாதையில் அப்பா வேனைத் திருப்பிவிட்டிருக்கிறார். அதுவும் முதல் வீட்டு வாசலில் சரியாக நிறுத்தி! அவர் காது சிவந்துவிட்டது. "இல்லம்மா... தப்பா வந்துட்டேன்... நீங்க போங்க."

அதற்குள் அந்தப் பெண் ஜன்னலில் தொற்றிக்கொண்டாள். "மாமா, போர்வைக்குள்ள யாரு தூங்கறா?"

சொன்னேன். அவளுடைய அம்மா சிரித்தார். "இதை நீங்க ஸ்கூலுக்குத்தான் கொண்டுபோறீங்கன்னு நினைச்சேன். அங்க காலைல பிரேயர் பாட்டுக்கு ஒரு கிழிஞ்ச ஸ்பீக்கரைப் போட்டுப் படுத்தறாங்க."

வீட்டுக்கு வந்தோம். வாசலை அளந்த அண்ணன் மாடிப்படி திரும்பும் இடத்தை அளக்கவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கைப்பிடிச் சுவரில் காரை உதிர்ந்ததுதான் மிச்சம். ஆர்கன் திரும்பவும் வேனுக்கே போனது.

அப்பா திட்டவில்லை. "திங்கக்கிழமை காலைல பசங்களை ஏத்தணும் பாப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பழைய சாமான்காரரிடமே போகட்டுமா? நாளைக்கு ஒரு நாள்தான்.

அந்தப் பெண்ணின் அம்மா சொன்னது... கிழிந்த ஸ்பீக்கர்...

மார்ச் 9, ஞாயிறு

தலைமை ஆசிரியையின் வீடு பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லோரும் வேனிலேயே போனோம், அண்ணனின் நண்பர்களும். வழியெல்லாம் அப்பா எப்படிப் பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "மேடம், ஒரு சின்ன விஷயம்... மேடம், தப்பா எடுத்துக்காதீங்க..." வாசலுக்கு வந்ததும் சுத்தமாக இருந்த வேன் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"நீ போய்ப் பேசு பாப்பா. நீதான் படிச்சவ."

கடைக்காரர், டாக்டர், பக்கத்து வீடு என்று எங்கே போனாலும் நான் ஒளிந்துகொண்ட முதுகு அது. இன்று அந்த முதுகும் இடம் தேடுகிறது.

போனேன். கூடவே அம்மாவும். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஹாலில் ஓரமாக ஓர் இடம் போதும் என்றேன். தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இடம் இருக்கு. யார் வாசிப்பா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இருப்பிடம் கிடைத்தால் போதும் என்றுதான் வந்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"நான்" என்றேன். "வாரத்துல ரெண்டு நாள், ஆபீஸ் போறதுக்கு முன்னாடி."

"முதல்ல வேலை செய்யுதான்னு பார்ப்போம்."

ஹாலின் கதவு அகலம், படியும் இல்லை. இறக்கிவைத்த மறுநிமிஷமே, "வண்டி ஓடிட்டிருக்கு" என்று அப்பா வெளியே போய்விட்டார். முதல் சுவிட்சை அழுத்திப் பிடித்தேன். உள்ளே முனகல். அது மெல்ல எழுந்து, சீராகி... இரண்டாவது சுவிட்ச். பெட்டிக்குள் குழல் சுற்றத் தொடங்கியது. உயிர் இருக்கிறது!

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். ஒரு சின்னப் பாட்டு, அதில் இரண்டு இடத்தில் தப்பு. மிதியை வழக்கம்போல் தொட்டேன், அவ்வளவுதான். முடித்தபோது அண்ணன் கேலி ஏதும் சொல்லவில்லை. அம்மா ஆர்கன் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னும் சத்தமா வாசிக்கணும்மா. பின் வரிசைல சின்னப் பசங்க நிப்பாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன், "எப்படி இருந்துச்சு?"

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல பாப்பா."

மார்ச் 10, திங்கள்

சீட்டெல்லாம் வேனுக்குத் திரும்பிவிட்டன. அம்மா கூடத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

முதல் நாள். குழந்தைகளோடு வேனிலேயே போனேன். பதற்றத்தில் பாட்டு வேகமாக ஓடியது, பிள்ளைகள் துரத்திக்கொண்டு பாடினார்கள். அந்தப் பிரஷ் பெண் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்கிறாள்: "இது எங்க வேன்ல வந்துச்சு."

அப்பா வாசலில்தான். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாலுக்குள் வாங்கப்பா என்றேன். "நமக்கு எதுக்கு அங்கெல்லாம்" என்றார்.

மார்ச் 27, வியாழன்

இன்று மிதியை முழுதாக அழுத்தினேன். ஏன் என்று தெரியாது. ஜன்னல்கள் அதிர்ந்தன, கடைசி வரிசையில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிள்ளைகள் கத்திப் பாடினார்கள். நான் வேண்டுமென்றே கடைசி அடியை நீட்டினேன்.

பாட்டு முடிந்ததும் ஹால் அமைதியானது. அந்த அமைதியில் ஏதோ குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன்.

அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கியிருந்தது. சாவி அவர் சட்டைப்பையில்.



காவலாளியும் நானும் தெருமுனை வரை வேனைத் தள்ளினோம். ஆபீஸுக்குத் தாமதம்.