காலைத் தூக்காமல் ஏறுகிற பைக்

தில்லையடி, புத்தளம்.

அன்பு மகன் றிப்னாஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஷஃபீனாவும் தோஹாவின் அந்த வெக்கைக்குள்ளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். இங்கே உன் வாப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்த இடம் ஆறிவிட்டது, பைக் ஓட மட்டும் டொக்டர் இன்னும் விடவில்லை, எனக்கு வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நல்லம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நான் வொய்ஸ் அனுப்பினால் நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்கிறாய் என்று ஷஃபீனா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பெற்றவளின் கதையை அப்படிக் கேட்கிற மகனுக்குத் தாளில் எழுதுவதுதான் சரி, இதை உன்னால் வேகமாக ஓட விட முடியாது. பக்கத்து வீட்டு ஹஸ்மி அடுத்த கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கட்டாக் கருவாட்டையும் கொடுத்து விடுகிறேன், கருவாட்டை பிரிட்ஜுக்குள் வைத்து மணக்க வைக்காமல் உடனே பொரித்துச் சாப்பிடுங்கள்.

பைக் வாங்கியாச்சா என்று மூன்று தரம் கேட்டாய். வாங்கியாச்சு. எதை வாங்கினேன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும், முதலில் முழுவதையும் வாசி. பழைய ஸ்கூட்டி நோன்பு மாதத்தில் செத்தது உனக்குத் தெரியும், அதன் அடிப்பாகத்தை உப்புக் காற்று தின்றுவிட்டது, இனிச் சாமான் கிடைக்காது என்று பைக் திருத்துகிற பாஸும் கைவிரித்துவிட்டார். அன்றிலிருந்து நம் வீட்டு ஆண்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. கரண்டில் ஓடுகிற பைக்தான் வாங்க வேண்டும், எந்தக் கொம்பனி என்று பார்க்க வேண்டும், அதைப் பற்றிக் காலையிலும் கதை, அஸருக்குப் பிறகும் கதை. எனக்கு என்ன வேண்டும் என்று நான் முதல் நாளே சொன்னேன். பெண் மையித்து என்றால் பாலாவியிலிருந்து எத்தாளை வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போய்க் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முடிக்கும்வரை வெளியில் ஆண்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அபாயாவோடும் இந்த முழங்காலோடும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறுகிற ஒரு பைக், முன்னால் கால் வைக்கிற தட்டில் என் பையும் வாளியும் நிற்க வேண்டும், எனக்குத் தேவை அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதைக் கேட்க ஒருவருக்கும் ஒரு நிமிடம் இருக்கவில்லை.

முதலில் கிங்வோல்ட் கடைக்குப் போனோம். கழுத்துப் பட்டி கட்டிய ஒருவன் ஓடி வந்தான், ஒரு மணித்தியாலத்தில் அவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. வாங்கப் போவது நான், லைசன் இருப்பது என்னிடம், அவனோ உன் வாப்பாவைப் பார்த்து "மேடம் பின்னால இருக்க சொகுசான சீட் சேர்" என்கிறான். உன் உசனார் சாச்சாவைக் கேட்கவா வேண்டும். களிசானைப் போட்டுக்கொண்டு காலை அகட்டி அதில் ஏறி, மணல்குன்று வரைக்கும் கார்ப்பட் ரோட்டில் பறந்து போய்ப் பறந்து வந்து, "மதினி, பிக்கப் எண்டா இதுதான் பிக்கப்" என்று என்னவோ தானே செய்த சாமான் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். மையித்து வீட்டுக்குப் போகிறவளுக்குப் பிக்கப் எதற்கு என்று கேட்டேன், சிரித்தார். அந்தப் பைக்கில் கால் வைக்கிற இடத்தில் பெட்டரியை ஒட்டகத் திமில் மாதிரி வைத்து மூடியிருக்கிறார்கள். பெண்களுக்கென்று விளம்பரம், படத்தில் ஒரு பெண், அவளும் களிசான் போட்ட பெண். அபாயாவோடு அதில் ஏறப் பார்த்தேன், முழங்கால் போய்த் திமிலில் இடித்தது, கடைக்காரன் அப்போதும் வாப்பாவிடம்தான் "பழகினா சரி வரும் சேர்" என்றான்.

அடுத்தது ஸிலோரா. அந்தப் பைக்கைப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும், வெளிறிப்போன ரோஸ் நிறம், ஹோன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம். ஆனால் கால் வைக்கிற தட்டு வெறுமையாக, சமனாக இருந்தது, பெட்டரி சீட்டுக்கு அடியில், பின்சில்லில் உடுப்புச் சிக்காமல் ஒரு தட்டும் போட்டிருந்தார்கள். அங்கே அனுஷ்கா என்று சிலாபத்துப் பிள்ளை ஒருத்தி வேலை செய்கிறாள், சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பாள். அவள் ஒருத்திதான் ஆண்களை விட்டுவிட்டு என்னிடம் வந்து "அம்மா ஏறிப் பாருங்க" என்றாள். ஏறினேன், இறங்கினேன், கால் நோகவில்லை. ஒரு சார்ஜில் நூறு கிலோமீற்றர் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது, அது உண்மையா பிள்ளை என்று கேட்டேன். "அத நம்ப வேணாம் அம்மா, கல்பிட்டிப் பக்கம் காத்து கூடதானே, எழுபது ஓடும்" என்றாள். இதைக் கேட்டதும் உசனார் சாச்சாவின் முகம் கறுத்துப்போனது. வெளியில் வந்து, தன் சாமானைத் தானே குறைத்துச் சொல்கிறாள் என்றால் உள்ளே என்னவோ பழுது இருக்கிறது என்றார். பொய் சொன்னவனை நம்புகிறார், உண்மை சொன்னவளைச் சந்தேகப்படுகிறார், இந்த மூளையோடுதான் அவர் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். உன் வாப்பா தம்பிக்கு எதிராக எப்போது வாயைத் திறந்தார்.

பிறகு உன் பங்கு. மூன்று கொம்பனிக்குப் பச்சை அடையாளமும் சிவப்பு அடையாளமும் போட்டு ஒரு அட்டவணை அனுப்பினாயே, மோட்டார் எத்தனை வாட், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும், போனில் தொடுக்கலாமா இல்லையா, இருபத்திரண்டு வரி. அதில் அபாயா என்று ஒரு வரி இல்லை, முழங்கால் என்று ஒரு வரி இல்லை. கடைசியில் "அவசரப்பட வேணாம் உம்மா, டிசம்பர்ல நான் வந்து பார்த்து எடுத்துத் தாறன்" என்று எழுதியிருந்தாய். நீ இருபத்தொரு வயதுவரை உன் செருப்பையே நான்தான் பார்த்து எடுத்துத் தந்தேன். ஆனாலும் மகன் ஆசையாகச் சொல்கிறான் என்று நானும் சரி என்றேன், அதுதான் நான் செய்த பிழை. அதற்குள் உசனார் சாச்சா கிங்வோல்ட்காரனிடம் ஒரு கிழமைக்கு ஓடிப் பார்க்க என்று ஒரு பைக்கை வாங்கி வந்து நம் வாசலில் நிறுத்திவிட்டார். என் வாசலில் பைக், என்னால் ஏற முடியாத பைக், பின்னேரமானால் அவர் வந்து அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்.

அந்தக் கிழமைக்குள்தான் எத்தாளை ரபியா மவுத்தானாள். போனில் நான் உனக்கு அவ்வளவுதான் சொன்னேன், மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ரபியாவும் நானும் ஒரே வகுப்பு, மையித்துக் குளிப்பாட்டப் பழகியதும் ஒன்றாகத்தான். அவள் உடம்பில் ஒரு விஷயம் இருந்தது, அது அவளுடைய மகள் ஷிம்லாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்ன விஷயம் என்று நீ கேட்காதே, இந்தக் கடிதத்திலும் நான் எழுத மாட்டேன். வேறு யாரும் பார்க்கக்கூடாது, நீதான் என்னைக் குளிப்பாட்ட வேண்டும் ஸுலைஹா என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள், நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். காலை ஏழு மணிக்கு ஷிம்லாவின் கோல் வந்தது, "மாமி, உம்மா போயிட்டா, பத்து மணிக்கு அடக்கம் எண்டு சொல்றாங்க, கெதியா வாங்க" என்று அழுதாள். நான் த்ரீவீலுக்குச் சொல்லி, அதுவும் கதவடிக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்பியவர் உன் சாச்சா. "நான் இரிக்கக்குள்ள த்ரீவீல் எதுக்கு மதினி, அரை மணித்தியாலத்துல எத்தாளையில இறக்கிறன்" என்றார். அவசரத்தில் நானும் பின்னால் ஒருபக்கமாக ஏறி இருந்தேன். பையை வைக்க முன்னால் இடமில்லை, அதை மடியில் பிடித்துக்கொண்டேன்.

முந்தின நாள் ஊர் சுற்றிவிட்டு அவர் அதை ஒழுங்காகச் சார்ஜில் போடவில்லை. அதை எனக்குச் சொல்லவும் இல்லை. காற்று எதிர்க்காற்று, பின்னால் நான், ஆனாலும் மனுசன் பிக்கப்பைக் காட்ட வேண்டுமே, ஸ்போர்ட் என்று ஒரு பொத்தானை அழுத்தி விட்டார். நுரைச்சோலை தாண்டக்குள் பைக் நின்றுவிட்டது. நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு அங்கே தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் கரண்ட் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிறோம். உன் சாச்சா கடைக்கு போன் போடுகிறார், ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்களாம். ஷிம்லாவுக்கு நான் எடுத்த கோலை அந்த அழுகைக்குள் யாரும் தூக்கவில்லை, பஸ் ஒன்று நிறுத்தாமல் போனது. கடைசியில் வெங்காயம் ஏற்றப் போன வெறும் லொறி ஒன்றை மறித்து, இந்த முழங்காலோடு அதில் ஏறி, எத்தாளைக்குப் போய்ச் சேர ஒன்பதரை. எட்டரை வரைக்கும் எனக்காகப் பார்த்திருந்துவிட்டு, இனி வைத்திருக்கக்கூடாது என்று ஆண்கள் வெளியில் நின்று சத்தம் போட, அந்த ஊரில் இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக் குளிப்பாட்டிவிட்டார்கள், குளிப்பாட்டப் பழகாத ஷிம்லாவால் அதைத் தடுக்க முடியவில்லை. நான் போகும்போது கபனிட்டு முடிந்திருந்தது. முகத்தைத் திறந்து காட்டினார்கள், நெற்றியில் கையை வைத்தேன், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. குளிப்பாட்டியவள் கண்டதை மறைக்க வேண்டும் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு பேரும் பின்னேரத்துக்குள் அதை எத்தாளைக் கரை முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். மீன் வாங்க வந்தவளெல்லாம் கதைத்தாள் மகன். உயிரோடு இருக்கும்வரை பத்து வருடம் அவள் மறைத்து வைத்திருந்தது. ஷிம்லா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரபியாவுக்கு ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் நான் தனியாக பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். வாப்பாவிடம் கேட்கவில்லை, சாச்சாவிடம் சொல்லவில்லை, உன் அட்டவணையைத் திறக்கவும் இல்லை. அனுஷ்காவிடம் போய் அந்த ரோஸ் நிறச் சனியனையே தா பிள்ளை என்று எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, நானே ஓடி வந்தேன். உன் சாச்சா பார்த்துவிட்டு "இது பொம்புளப் பைக்தானே" என்றார். ஓம், ஓடுவதும் பொம்பிளைதான், போகிற இடத்தில் படுத்திருப்பவளும் பொம்பிளைதான், உங்கள் ஆம்பிளைப் பைக் நுரைச்சோலையில் மூச்சை விட்டதை ஊர் பார்த்ததுதானே என்றேன். இரண்டு கிழமையாக நம் வீட்டுப் பக்கம் ஆளைக் காணோம், நிம்மதியாக இருக்கிறது. உன் வாப்பா இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை, மூன்றாம் நாள் தானாக எழும்பி அதைச் சார்ஜில் போட்டார், இப்போது ஒவ்வொரு இரவும் இஷாவுக்குப் பிறகு அவர்தான் போடுகிறார். இதுவரை நான்கு வீட்டுக்குப் போய்விட்டேன், ஒரு வீட்டில் தண்ணீர் சூடாகுமுன்னே போய்ச் சேர்ந்தேன்.

நீ போன மாதம் கேட்டாயே, இந்த வயதில் உங்களுக்கு இது எதற்கு உம்மா, வேற ஆக்கள் இரிக்காங்கதானே என்று. இருக்கிறார்கள் மகன். வேற ஆக்கள்தான் ரபியாவைக் குளிப்பாட்டினார்கள். அந்தக் கேள்வியை இனி என்னிடம் கேட்காதே, எனக்கு உன்மேல் இருக்கிற மரியாதை கொஞ்சம்தான், அதையும் செலவழிக்காதே. அவளுக்குக் கொடுத்த வாக்கு என் கழுத்தில் கிடக்கிறது, நித்திரை வருவதில்லை, சாச்சாவை ஏசுவதால் அது இறங்கவும் இல்லை. அந்தப் பைக்கில் ஏறியவளும் நான்தானே.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளையும் ஸாலிஹான பிள்ளைகளையும் தரட்டும். தொழுகையை விடாதே, ஷஃபீனாவைத் தனியாக டக்ஸியில் அலைய விடாதே, அவளுக்குக் கார் ஓடப் பழக ஆசை என்றால் அவளிடமே கேட்டு அவளுக்குத் தேவையானதை எடுத்துக் கொடு. கடைசியாக ஒன்று, இதை மட்டும் இரண்டு தரம் வாசி. நான் மவுத்தானால் உன் பிளேனுக்காக என்னை வைத்திருக்க வேண்டாம். அன்றைக்கு உன் வாப்பா அழுதுகொண்டிருப்பார், சாச்சா கட்டளை போட்டுக்கொண்டிருப்பார், அதனால் அங்கிருந்து நீதான் போன் எடுக்க வேண்டும். எத்தாளையில் ஷிம்லாவுக்கு எடு, அவள் இப்போது என்னிடம் குளிப்பாட்டப் பழகுகிறாள். அவள் எவ்வளவு நேரம் சென்று வந்தாலும் அவள் வரும்வரை என் அறைக்கதவை யாரும் திறக்கக்கூடாது என்று சொல். அவள் என்னிடம் என்ன கண்டாலும் வெளியில் சொல்ல மாட்டாள், நான் அவளுடைய உம்மாவுக்குச் செய்யாமல் விட்டதை அவள் எனக்குச் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கோபமும் துஆவுமாக,
உன் உம்மா,
சித்தி ஸுலைஹா